கொழும்பு அன்டர்சன் முகாமிலிருந்து டியாகோ கார்சியா வரை



நோர்பரியில் இருந்து விடிய முன்னம் ரயில் எடுத்து குரோலிக்கு வேலைக்குப் போறவன் நான். பொதி கட்டும் பகுதியில் எனக்குப் பக்கத்து மேசையில் ஒருவர் நிற்கிறார். வயது அறுபதுக்குக் கிட்ட. மொரீசியஸ்காரர் என்றுதான் கனகாலம் நினைச்சிருந்தேன். 2022 தொடக்கத்தில் ஒரு நாள் தேத்தண்ணி இடைவேளையில் அவர் கேட்டார்: "நீ சிலோன் தமிழ்தானே? உங்கட ஆக்கள் எங்கட தீவில கூடாரத்துக்குள்ள இருக்கினம், தெரியுமோ? எங்களைக் கால் வைக்க விடாத இடத்தில உங்களைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, பகிடியாகவும் சொல்லவில்லை. எனக்குத்தான் மறுமொழி வரவில்லை. அவர் சொன்ன தீவு டியாகோ கார்சியா. அவருடைய தாய் பிறந்த இடம். கொழும்பில் இருந்து தென்மேற்காக ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர். அமெரிக்காவின் பெரிய படைத்தளம் என்பது மட்டும் தெரியும், அங்கே ஒரு சனம் குடியிருந்தது என்பது தெரியாது. பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க அந்தக் கதையின் ஒரு நுனி எங்கட கொழும்பிலேயே கிடக்கக் கண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் காலம். யப்பானியரின் வானொலிச் செய்திகளைப் பிடித்து, அவற்றின் இரகசியக் குறியீடுகளை உடைத்து வாசிப்பதற்கென்று பிரிட்டிஷாரிடம் ஒரு பிரிவு இருந்தது. முதலில் ஹொங்கொங், பிறகு சிங்கப்பூர். சிங்கப்பூர் விழப்போகிறது என்று தெரிந்ததும் 1942 ஜனவரியில் அந்தப் பிரிவு கொழும்புக்கு வந்தது. பெம்புரோக் கல்லூரி என்ற, இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். வந்த கையோடு பெரிய செய்தி ஒன்று பிடிபட்டது. யப்பானியக் கப்பற்படை ஏப்ரல் முதலாம் திகதியளவில் இலங்கையைத் தாக்கப் போகிறது என்பதே அது. பிரிட்டிஷ் கப்பல்கள் கடலில் காத்து நின்றன, சொன்ன நாளில் ஒருவரும் வரவில்லை. எண்ணெய்யும் தண்ணீரும் எடுக்க மாலைதீவுப் பக்கம் அட்டு அற்றோலுக்குப் போன பிறகுதான் யப்பானியர் வந்தார்கள். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு, கொழும்பில் குண்டு. 9ஆம் திகதி திருகோணமலை. அன்றே ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் தாண்டது. அந்த வருடப்பிறப்பை எங்கட பாட்டன் பாட்டிமார் எப்பிடிக் கொண்டாடியிருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இந்தத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பிரிவு ஆபிரிக்காவில் மொம்பாசாவுக்குக் கப்பலேறி, 1943இல் திரும்பவும் கொழும்புக்கு வந்தது. இந்த முறை இடம் அன்டர்சன் என்ற கோல்ப் மைதானம். அதற்கு வைத்த பெயர் எச்.எம்.எஸ். அன்டர்சன். பெயரைப் பார்த்தால் கப்பல் மாதிரி. ஆனால் கப்பலும் இல்லை, கரையும் இல்லை, வெறும் கொட்டில்களும் அன்ரெனாக் கம்பங்களும். தரையில் உள்ள முகாமுக்கும் கப்பல் பேர் வைக்கிறது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். இடத்தேர்வும் அவ்வளவு புத்தியானதல்ல. பக்கத்தால் உயர் அழுத்த மின்கம்பியும் புகையிரதப் பாதையும் போனபடியால் காதுக்குள் இரைச்சல். இருந்தும் பெண்கள் கடற்படைப் பிரிவில் சேர்ந்த இளம் பெண்கள் இரவு பகலாக, எங்களைப் போல ஷிப்ட் மாறி மாறி, காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு யப்பானிய மோர்ஸ் எழுத்துக்களை எழுதி எடுத்தார்கள்.

போர் முடிந்தது, அன்டர்சன் முடியவில்லை. ஜி.சி.எச்.கியூ என்று இன்றைக்கு நாம் அறிந்த பிரிட்டிஷ் ஒற்றுக்கேட்கும் நிறுவனம் அதைத் தொடர்ந்து நடத்தியது. 1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதற்கு மூன்று மாதம் முன்னமே, 1947 நவம்பரில், டி.எஸ். சேனநாயக்கா பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாயிற்று. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் அதன்படி பிரிட்டிஷாரிடமே இருந்தன. அவை ஊரறிந்த தளங்கள். கம்பங்களுக்குக் கீழே நடப்பது என்ன வேலை என்பதைத்தான் வெளியே சொல்ல அவர்கள் விரும்பவில்லை. தன் சொந்தச் சனத்துக்கே சொல்லாத விஷயம் அது. ஜி.சி.எச்.கியூ செய்யும் வேலை என்ன என்பதைப் பிரிட்டிஷ் அரசு பாராளுமன்றத்தில் ஒத்துக்கொண்டதே 1983இல், அங்கே வேலை செய்த ஒருவர் சோவியத்துக்கு இரகசியம் விற்றுப் பிடிபட்ட பிறகு. அடுத்த வருடம், 1984இல், அங்குள்ள தொழிலாளர் சங்கத்தில் இருக்கக்கூடாது என்று தட்சர் அரசு தடை போட்டது. சங்கத்தை விட மறுத்த 14 பேருக்கு வேலை போனது. 1997இல்தான் அந்தத் தடை நீங்கியது. தொழிற்சாலையில் நிற்கிற எனக்கு இதை எழுதாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா வந்தார். அந்நியத் தளங்கள் வேண்டாம் என்றார். அதே வருடக் கடைசியில் சூயஸ் போர் வந்ததும் அந்தப் பேச்சு இன்னும் சூடானது. 1957 ஒக்டோபர் 15இல் திருகோணமலையும் நவம்பர் 1இல் கட்டுநாயக்காவும் கைமாறின. தகவல் தொடர்பு வசதிகள் சிலது மட்டும் இன்னும் கொஞ்ச வருடத்துக்கு விடப்பட்டன. அந்நியனை வெளியேற்றிய நாள் என்று சிங்கள நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நியாயமான பெருமைதான். ஆனால் அதே மனிதர், அதே 1956இல்தான் தனிச்சிங்களச் சட்டம் கொண்டு வந்தவர். எங்களுக்குக் கை தட்டவும் ஏலாது, தட்டாமல் விடவும் ஏலாது.

பிரிட்டிஷ் விமானப்படை மாலைதீவின் கான் தீவுக்கு நகர்ந்தது. அமெரிக்கக் கடற்படையிலோ வேறொரு யோசனை ஓடியது. ஸ்டூவட் பாபர் என்ற அதிகாரி 1950களின் கடைசியில் கொண்டு வந்தது. புதிதாகச் சுதந்திரம் அடையும் நாடுகள் எப்போதாவது தளத்தைத் திருப்பிக் கேட்கும், ஆகவே குடிசனம் குறைந்த சிறு தீவுகளை இப்போதே பிடித்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலங்கையைத்தான் நினைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பயந்த சங்கதி அப்படியே நடந்த இடம் திருகோணமலை.

அப்படிக் கண்ணில் பட்டது சாகோஸ் தீவுக் கூட்டம். அப்போது அது மொரீசியஸின் ஆட்சிக்குள் இருந்தது. 1965 நவம்பர் 8இல் பிரிட்டன் அதை மொரீசியஸில் இருந்து பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் இந்து சமுத்திரப் பிரதேசம் என்று புதிதாக ஒரு குடியேற்றநாடு உண்டாக்கியது. மொரீசியஸுக்குக் கொடுத்தது 30 இலட்சம் பவுண். 1966 டிசம்பர் 30இல் அமெரிக்காவுக்கு 50 வருடத்துக்குப் பாவிக்க விட்டது. வாடகை இல்லை என்றார்கள். உண்மையில் பொலாரிஸ் ஏவுகணை விலையில் 140 இலட்சம் டொலர் கழிவு இரகசியமாகக் கிடைத்தது. அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் தெரியாது, இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் தெரியாது.

குடிசனம் குறைவு என்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தோட்டக்காரர் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆபிரிக்கர்களும், பின்னர் வந்த இந்தியக் கூலித் தொழிலாளர்களும் கலந்த சனம். தேங்காய் உடைத்துக் கொப்பரை காயப்போடுவது தொழில். கிரியோல் பாஷை, ஒரு கோயில், சவக்காலை, தலைமுறை தலைமுறையாக வீடு வாசல். இவர்களை ஒப்பந்தக் கூலிகள், வந்து போகிறவர்கள் என்று ஐக்கிய நாடுகள் சபைக்குக் காட்டினார்கள். மொரீசியஸுக்கு மருந்துக்கும் சாமானுக்கும் போனவர்களுக்குத் திரும்பிவரக் கப்பல் இல்லை என்றார்கள். 1971இல் டியாகோ கார்சியாவில் இருந்து எல்லோரையும் ஏற்றினார்கள். ஏற்ற முதல், தீவில் இருந்த நாய்களைப் பிடித்துக் கொப்பரை காய்ச்சும் கொட்டிலில் அடைத்துப் புகை விட்டுக் கொன்றார்கள். ஆயிரம் அளவில். மற்றத் தீவுகளும் 1973க்குள் காலி. மொத்தம் 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்ட சனம்.

"அம்மா நாயைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறவ, வீட்டைப் பற்றிக் கதைக்க மாட்டா" என்று பக்கத்து மேசைக்காரர் ஒரு நாள் சொன்னார். தொண்ணூற்றைந்து ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட எங்கட வீடுகளிலும் இப்படி ஒவ்வொரு நாய்க் கதை இருக்கும். நான் அவருக்கு எங்கட கதையைச் சொன்னேன்.

அந்தத் தீவில் முதலில் கட்டியது என்ன தெரியுமோ? தகவல் தொடர்பு நிலையம். 1973 மார்ச்சில் திறந்தார்கள். எரித்திரியாவின் அஸ்மராவில் அமெரிக்கர் போர்க்காலம் தொட்டு வைத்திருந்த கக்னியூ என்ற பெரிய ஒற்றுக்கேட்கும் தளம் கைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது. அந்த வேலையில் ஒரு பங்கு இங்கே வந்தது. சிறிய, எளிமையான நிலையம் என்றுதான் அமெரிக்கக் காங்கிரசிடம் பணம் கேட்டது. பிறகு ஓடுபாதை நீண்டது, துறைமுகம் ஆழமானது, 1991 வளைகுடாப் போரில் பி-52 விமானங்கள் அங்கிருந்து பறந்தன. கப்பல்களின் வானலைகளைச் செய்மதி மூலம் பிடிக்கும் தரை நிலையம் ஒன்றும் அங்கே இயங்கியதாக இந்தத் துறையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று 1971இல் ஐ.நா.வில் முன்னுக்கு நின்றது ஸ்ரீமாவோவின் இலங்கை. தீர்மானம் நிறைவேறியது, தளம் வளர்ந்தது. இந்தியாவுக்கோ, டியாகோ கார்சியாவில் இருப்பவன் திருகோணமலைக்கும் வந்திடுவான் என்ற பயம். ஜே.ஆர். அரசு அமெரிக்கக் குரல் வானொலிக்குப் பெரிய நிலையம் கட்ட இடம் கொடுக்க, அது ஒலிபரப்பவோ, ஒற்றுக்கேட்கவோ என்று டில்லி கேட்டது. 1987 ஜூலை 29 ஒப்பந்தம் எங்கட பிரச்சினைக்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்றே ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் மாற்றிக்கொண்ட கடிதத்தை எடுத்துப் பாருங்கோ. அந்நிய இராணுவ, உளவு ஆட்கள், திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், அந்நிய வானொலி நிலையங்கள் உளவுக்குப் பாவிக்கப்படக்கூடாது என்ற உறுதி, இவைதான் அதில். எங்கட சாவுக்கும் வாழ்வுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் அன்ரெனாக் கம்பத்துக்கும் ஒரு பந்தி இருந்திருக்கிறது.

சாகோஸ் சனம் சும்மா இருக்கவில்லை. 2000 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 2004இல் அரசு மகாராணியின் ஆணை மூலம் அதை வெட்டியது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. 2002 சட்டத்தால் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தவர்கள் கட்விக் விமானநிலையத்தில் வந்து இறங்கி, பக்கத்து ஊரான குரோலியிலேயே தங்கினார்கள். அதனால்தான் அவர் என் பக்கத்து மேசையில் நிற்கிறார்.

இனி எங்கட ஆக்களின் கதை. 2021 ஒக்டோபர் 3ஆம் திகதி, 89 தமிழர்கள், அதில் 20 பிள்ளைகள், பழுதான மீன்பிடிப் படகில் அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கனடாவுக்கு என்று வெளிக்கிட்டவர்கள். சுற்றிவர வேலி, கூடாரம், எலி, காவலாளி. உண்ணாவிரதம் இருந்தார்கள், சிலர் தற்கொலைக்கு முயன்றார்கள், சிலரை வைத்தியத்துக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். 2024 ஜூலையில் வழக்கு விசாரணைக்கு நீதிபதி அங்கே போக இருந்தபோது, பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா மறித்தது. பிரிட்டிஷ் மண் என்று வரைபடத்தில் போட்டிருக்கிற இடத்துக்குப் பிரிட்டிஷ் நீதிபதி போக அமெரிக்காவிடம் அனுமதி! செப்டெம்பரில்தான் விசாரணை நடந்தது. டிசம்பர் தொடக்கத்தில் 60 பேரளவில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம் 16ஆம் திகதி, அவர்களை மூன்று வருடம் அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிபதி மார்கரெட் ஓபி தீர்ப்பளித்தார்.

2025 மே 22இல் பிரிட்டனும் மொரீசியஸும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தீவுகளின் இறைமை மொரீசியஸுக்கு, தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்கு என்பது அதில் உள்ள ஏற்பாடு. அன்று வேலைத்தலத்தில் அவரைப் பார்த்தேன். சந்தோஷமோ என்று கேட்டேன். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

அவருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. எங்கட ஆக்கள் இங்கே வந்த செய்தி கேட்ட நாளில் இருந்து என்னை விடாமல் கேட்கிறார். தாயின் வீடு இருந்த ஈஸ்ட் பொயின்ற் பக்கம் தென்னைகள் இன்னும் நிற்கின்றனவா, கோயில் சுவர் நிற்கிறதா என்று. கூடாரத்தை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வாகனத்தில் ஏற்றிப் போகும்போதாவது கண்டிருப்பார்கள் என்கிறார். இந்த மலரை வாசிக்கிறவர்களில் அங்கிருந்து வந்த யாரும் இருந்தால் சங்கத்தில் ஒரு சொல் சொல்லி விடுங்கோ. நான் அவரிடம் சொல்லி விடுகிறேன்.