வழியால் வளர்ந்த ஊர்: தாம்பரமும் சென்னைத் தென்புறமும்

வரலாறு என்றால் முடிமன்னர் போரும் வள்ளல்களின் கொடையுமே என்று கருதும் வழக்கம் நம்மவரிடை நெடுங்காலமாய் நிலைத்துவிட்டது. நாம் நாடோறும் ஏறி இறங்கும் வண்டிக்கும், நடந்து செல்லும் சாலைக்கும், குடியிருக்கும் மனைக்கும் ஒரு வரலாறு உண்டென எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பல்லாவரம் முதல் வண்டலூர் ஈறாகவுள்ள ஊர்களில் நம் சமூகத்துக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்தம் பாட்டன்மார் அவ்விடம் வந்து குடியேறியது எதனால், பேரப்பிள்ளைகள் அங்கேயே தொழில் செய்து பிழைத்தல் கூடுமா என்னும் இரு வினாக்களுக்கும் விடை அவ்வரலாற்றினுள்ளேயே பொதிந்து கிடக்கின்றது. ஆதலின் அதனை இவ்விதழ் வாயிலாகச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

இக்கட்டுரையில் நாம் நிறுவக் கருதுவது ஒன்றே. வழி முந்தி அமைய, குடி பின்னர் வந்த இடத்து ஊர் தழைத்தது. குடி முந்தி வர, வழி பின்னர்த் தேடப்பட்ட இடத்து ஊர் இடர்ப்பட்டது. தென்புறத்தின் நூறாண்டு வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

பல்லாவரம் என இந்நாள் வழங்குவது பல்லவபுரம் என்பதன் திரிபு. பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று அங்குள்ள குன்றில் இன்றும் உளது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் புவியியல் அறிஞர் பழைய கற்காலக் கருவியொன்றை அவ்விடத்தே கண்டெடுத்தார். இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆராய்ச்சி அதனின்றே தொடங்கிற்று என்பர். ஆயினும் இத்தொன்மை மட்டும் ஊர்களைப் பெருக்கிவிடவில்லை. சென்னையினின்று தென்னாடு செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கும் ஏரிகளும் அவற்றை நம்பிய கழனிகளும் சிற்றூர்களுமாகவே இந்நிலம் நெடுங்காலம் கிடந்தது. பின்னர்த் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை இவ்வழியே சென்றதாயினும், தொலைவூர் செல்வார்க்கே அது பெரிதும் பயன்பட்டது.

இந்நிலையை மாற்றியது மின்சார வண்டியே. இந்தியாவில் முதன்முதல் மின்சார இரயில் 1925-இல் பம்பாயில் ஓடிற்று. ஆறாண்டு கழித்து 1931-இல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவுக்கு அவ்வசதி நம் மாகாணத்தும் வந்தது. அக்காலத்துக் கவர்னர் சர் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டான்லி அதனைத் தொடங்கி வைத்தார். அந்நாளில் தாம்பரம் ஒரு பேரூர் அன்று. அவ்விடத்தே பெருங்குடி இருந்தமையால் வண்டி ஓட்டப்பட்டதும் அன்று. நகரம் தெற்கே பரவும் என்று முன்னரே உணர்ந்து வழியமைத்தனர். குறைந்த கட்டணத்தில் குறித்த நேரத்தில் வண்டி வருமென்னும் உறுதி ஏற்பட்டபின், நகரத்து அலுவலகங்களிற் பணிபுரிவோர் மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எனத் தெற்கு நோக்கிக் குடிபெயர்ந்தனர்.

கல்வியும் மருத்துவமும் அவ்வழியையே பற்றி வந்தன. டாக்டர் சௌரிமுத்து அவர்கள் காசநோயாளர்க்கென 1928-இல் தாம்பரத்தே நிறுவிய சானடோரியத்தை அரசாங்கம் 1937-இல் ஏற்றுக்கொண்டது. அதே 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துச் சேலையூர்க் காட்டை அடைந்தது. அக்கல்லூரியில் முன்னர்த் தமிழாசிரியராயிருந்த மறைமலையடிகள், 1911-இல் அப்பணி நீங்கிப் பல்லாவரத்தை வாழிடமாகக் கொண்டமை தமிழன்பர் யாவரும் அறிந்ததே.

இனித் தொழில் வந்த வரலாற்றை நோக்குவோம். குரோம்பேட்டை என்னும் பெயரே ஒரு தொழிலின் பெயராகும். தோலை ஆவாரம் பட்டை கொண்டு பதனிடுவது நம் நாட்டுப் பழைய முறை; அதற்குப் பல வாரங்கள் செல்லும். குரோமிய உப்பினாற் பதனிடும் முறையிற் சில நாட்களே போதும். ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைச் சென்னையிற் பரப்ப முயன்றார். அம்முயற்சியின் வழியே சேம்பர்ஸ் என்பாரின் குரோம் லெதர் கம்பெனி இப்பகுதியில் நிலைபெற, அதனைச் சூழ்ந்த ஊர்க்குக் குரோம்பேட்டை என்னும் பெயர் வழங்கலாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின், 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தோன்றிற்று. வண்டலூரை அடுத்த அதன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஹெரால்டு மோட்டார்கள் இந்திய நாடெங்கும் ஓடின. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தை அடுத்து ஏற்றுமதிக்கென்றே ஒரு தொழில் வளாகம் அமைந்தது. அதனை மக்கள் மெப்ஸ் என்பர். நகர்க்குப் புறத்தே பரந்த நிலம், ஒருபால் பெருஞ்சாலை, மறுபால் தொழிலாளரை நாடோறும் கொண்டுவரும் இரயில் ஆகிய இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தமையாற்றான் இத்தொழில்கள் இப்பகுதியிற் செறிந்தன. கிராமத்தில் மழை பொய்த்துக் கைத்தொழில் நலிந்த காலத்து, நம் முன்னோரிற் பலர் இவ்வூர்களை நாடி வந்தமைக்கும் காரணம் இதுவே.

நிற்க. வந்த தொழில்கள் யாவும் நிலைத்தனவா எனின், இல்லை. ஸ்டாண்டர்டு கம்பெனி தன் இறுதிப் புதுமையாகிய ஸ்டாண்டர்டு 2000 என்னும் மோட்டாரை 1985-இல் வெளியிட்டது. அது விலைபோகவில்லை, 1988-இல் உற்பத்தியே நின்றது. தோல் தொழிலுக்கு வந்த இடர் வேறு வகையினது. பதனிட்ட கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தமையால், உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் ஒரு தீர்ப்புக் கூறிற்று. அதன்படி செங்கை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் சாலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைத் தூய்மை செய்ய ஏற்பாடில்லாதன மூடப்படல் வேண்டுமென ஆணையும் பிறந்தது. கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தின் பகுதியே என்பதை அவ்வழக்கு வலியுறுத்திற்று. அத்தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோலும் இரும்பும் கொண்டு பிழைத்தார்க்கு அவை போனபின் என்ன வழி என்று முன்கூட்டி எண்ணினார் அரியர்.

தொழிற்சாலைகள் இருந்த நிலம் மட்டும் வீணாகவில்லை. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை நின்றவிடத்தே இந்நாள் கணிப்பொறி அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் ஓங்கி நிற்கின்றன. அந்நிலத்துக்கு அவ்விலை எங்ஙனம் வந்தது? முன்னிருந்த கம்பெனியாலும் அன்று, பின்வந்த கட்டடத்தாலும் அன்று. பக்கத்தே இரயிலும் பெருஞ்சாலையும் இருந்தமையால் வந்தது. 1931-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்வண்டி 2004-இல் நின்று, அகலப்பாதை வண்டிகள் அதனிடத்தே வந்தன. வழி மட்டும் ஒருநாளும் அழியவில்லை. பொதுப்பணத்தில் அமைந்த வழியே நிலத்துக்கு விலை தருவது. அவ்விலையின் பயனோ பெரும்பாலும் நிலமுடையார் சிலரையே சாரும்.

இனி வழி பிந்திய வரலாற்றைக் கூறுவோம். நீர்க்கும் ஒரு வழி உண்டு. தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. சிட்லபாக்கத்து ஏரி நிரம்பிச் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து படிப்படியாய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் செல்வது நம் முன்னோர் அமைத்த ஒழுங்கு. மேற்றிசை நீர் முடிச்சூர்ப் பக்கமாய் அடையாற்றை அடையும். வேளாண்மை குன்றியபின் கால்வாயை மறந்து மனை பிரித்தனர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் ஒரேநாளிற் தாம்பரத்தே ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளினுள் வெள்ளம் புகுந்தது. நீர் தன் பழைய வழியைத் தேடிற்று. அவ்வழியில் நாம் குடியிருந்தோம்.

மக்கட்குரிய வழியும் அங்ஙனமே பிந்தியது. வேளச்சேரி வரை 2007-இல் வந்த பறக்கும் இரயிலை, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவே உள்ள பரங்கிமலையோடு இணைக்கும் வேலை, ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் அளவான நிலத்தைக் கையகப்படுத்துவதில் எழுந்த வழக்குகளால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. பஸ் நிலையத்தின் கதையும் இதுவே. நகரின் நடுவிலிருந்த வெளியூர்ப் பஸ் நிலையம் 2002-இற் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அங்கு மெட்ரோ இரயில் வந்தது 2015-இல். இடையே கழிந்த ஆண்டுகள் 13. பின்னர்த் தென்மாவட்டப் பஸ்களுக்கென வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் ஒரு நிலையம் கருதப்பட்டது. 2013-இல் முதன்மந்திரி ஜெயலலிதா அறிவித்தார். 2019-இல் முதன்மந்திரி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2023 டிசம்பர் 30-இல் முதன்மந்திரி ஸ்டாலின் திறந்து வைத்தார். திறந்த அன்று அதனையடுத்து இரயில் நிலையம் இல்லை. வண்டலூர் நிலையம் ஒருபுறமும் ஊரப்பாக்கம் நிலையம் மறுபுறமுமாக நின்றன. விமான நிலையத்தோடு நின்ற மெட்ரோ பாதையை அவ்விடம் வரை நீட்டும் திட்டமோ அன்று ஏட்டளவிலேயே இருந்தது. நள்ளிரவில் மூட்டையும் குழந்தையுமாய் இறங்கிய பயணிகள் நகர்க்குள் செல்ல மற்றொரு பஸ்ஸையோ, கேட்ட கூலி கொடுத்து ஆட்டோவையோ நாட வேண்டியதாயிற்று.

இக்குறைக்கு ஒரு கட்சியையோ ஒரு மந்திரியையோ காரணமாக்குதல் நடுநிலை ஆகாது. மூன்று ஆட்சிக் காலங்களில் மூவர் கை பட்ட வேலை அது. கோயம்பேட்டு நெருக்கடியைக் குறைத்தல் வேண்டுமென்பதும், பெருஞ்சாலையில் பண்டிகை நாள்தோறும் வண்டிகள் மைல் கணக்கில் நிற்றலை ஒழித்தல் வேண்டுமென்பதும் நியாயமே. உண்மைக் காரணம் அதிகாரம் பலவிடத்துப் பிரிந்து கிடத்தலாம். இரயில் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு; பஸ் மாநில அரசாங்கத்தினது; மனைப்பிரிவும் நிலப்பயனும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கையில்; தெருவும் வடிகாலும் ஊராட்சி மன்றங்களினவை. இவற்றை ஒருங்கிணைக்கச் சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் ஒன்று வேண்டுமெனச் சட்டசபை 2010-இற் சட்டம் செய்தது. அக்குழுமம் முதன்முதற் கூடியது 2022-இல். பன்னிரண்டு ஆண்டு சட்டம் உறங்க, ஊர் மட்டும் உறங்காது பெருகிற்று. 1931-இல் ஓர் இரயில்வேயின் கையால் முடிந்தது, இந்நாள் நான்கு அலுவலகங்கள் ஒத்துழைத்தாலன்றி முடியாது.

அந்நாள் ஆட்சியை நாம் புகழ்கின்றோம் என்று யாரும் கொள்ளற்க. அயல் ஆட்சியார் பாதை அமைத்தபோது குடிமக்களைக் கேட்டாரல்லர். இந்நாள் நம்மைக் கேட்கும் கடமை ஆள்வார்க்கு உண்டு. சொல்லும் கடமை நமக்கும் உண்டு. அவ்விரண்டாவது கடமையையே நம்மவர் மறந்து வருகின்றனர்.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயின. 70 வட்டங்களுக்கு 2022-இல் தேர்தல் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள், தெருவாழ் மக்கள் நேரே குறை கூறும் பகுதி சபைக் கூட்டம் பம்மலில் நடந்தபோது முதன்மந்திரியே வந்தமர்ந்து கேட்டார். தென்புறத்து மக்கள் தம் ஊரைப் பற்றித் தாமே பேசுதற்கு வாய்த்த கதவு இது. கதவு திறந்திருந்தும் உட்புகாது வெளிநின்று குறை சொல்வது அறிவுடையார் செயலன்று.

ஆகவே நம் சங்கத்து உறுப்பினர்க்கும் இல்லத்தரசியர்க்கும் நாம் விண்ணப்பிப்பன சிலவே. மனை வாங்குமுன் பத்திரத்தை மட்டும் பாராது, பழைய கிராமப் படத்தில் அவ்விடம் ஏரியோ வாய்க்காலோ என்று வருவாய் அலுவலகத்திற் கேட்டறிக. விலை மலிவென்று ஏரிக்குள் வீடு கட்டி, பின்னர் வெள்ளத்தையும் விதியையும் நோவதாற் பயனில்லை. பகுதி சபை கூடும் நாளில் வீட்டுக்கு ஒருவரேனும் செல்க; வடிகால், நடைபாதை, இரவில் பெண்கள் அஞ்சாது ஏறும் பஸ் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க. நம் சாதியார்க்கு மட்டும் கேளற்க. தெருவிலுள்ள யாவர்க்கும் கேட்க. வழி என்பது பொது. அதில் ஒரு குலத்தார் மட்டும் நடத்தல் இயலாது. பிள்ளைகளை ஒரே தொழிலை நம்பி வளர்க்காது, தொழில் மாறினும் பிழைக்கும் கல்வியைத் தருக. தோலும் மோட்டாரும் போன வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் அது.

ஓர் ஊரை ஆக்குவது கோபுரமும் அன்று, கம்பெனியும் அன்று. காலையில் வேலைக்குச் சென்றவன் மாலையில் தன் மக்களோடு உணவுண்ணத் திரும்பிவரும் வழியே ஊரை ஆக்குவது. அவ்வழியை முன்னரே அமைக்கச் செய்தல் ஆட்சியாளர் தம் கடமை. அமைக்கும்படி இடைவிடாது கேட்டல் நம் கடமை. நம் சங்கம் அதற்கு முன்னிற்குமாக.