பஞ்ச் குணாளன்: இறகுப்பந்தில் ஒரு தமிழ்ப் பெயர்

கொங்கு நாட்டுப் பள்ளித் திடல்களில் வளர்ந்த எமக்கு முதலில் அறிமுகமானது பூப்பந்துதான். கம்பளிநூற் பந்து, ஐவர் அணி, திறந்தவெளி ஆடுகளம். தஞ்சை அரச குடும்பத்தாரின் ஆதரவில் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற ஆட்டம் அது. இறகுப்பந்தோ காற்றுக்கு அஞ்சுவது, கூரையை வேண்டுவது. இன்று கோவையின் உள்ளரங்குகளில் மாலைதோறும் அதுவே ஒலிக்கிறது. அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் 21 புள்ளி வரை எண்ணிப் பழகினார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்று வகுப்பில் சொன்னபோது எம் மாணவர் எவரும் நம்பவில்லை.

அவர் மலேசியாவின் பஞ்ச் குணாளன். 1944இல் பிறந்தவர். அவரது ஆட்ட வாழ்வை 1969 மே மாதத்திலிருந்து பார்ப்பது பொருத்தம். அம்மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. மறு ஆண்டே எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் இங் பூன் பீ என்னும் சீனரும் குணாளன் என்னும் தமிழரும் இரட்டையராய் நின்று அந்நாட்டுக்குத் தங்கம் வென்றனர். அதே 1970இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கமும் குணாளனுக்கே. 1971இல் இவ்விருவரும் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றனர்.

தோல்விகளும் சொல்லத்தக்கவை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இறகுப்பந்து காட்சி விளையாட்டாக மட்டுமே இடம்பெற்றது. அதன் இறுதியில் இவ்விணை இந்தோனேசியரிடம் தோற்றது. பதக்க விளையாட்டாக அது 1992 பார்சிலோனாவில் ஏற்கப்பட்டபோது குணாளனுக்கு வயது 48. 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் பெற்றார். அவ்வாண்டு ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் ரூடி ஹார்தோனோவை எதிர்த்து ஆடித் தோற்றார். தொடர்ச்சியாக ஏழாவது முறை அப்பட்டத்தை ஹார்தோனோ வென்ற ஆட்டம் அது.

மட்டையை வைத்தபின் அவர் நிர்வாகத்துக்கு வந்தார். உலகக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் ஆனார். பழைய முறையில் பந்தைத் தொடங்குபவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். ஆட்டம் எப்போது முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது. தொலைக்காட்சிக்கு அது ஒவ்வவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, 21 எட்டினால் ஆட்டம் என்ற முறை 2006இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக முன்னின்று வாதாடியவர் குணாளன். பொறுமையின் அழகு போயிற்று என்று வருந்தியோரும் உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகஸ்ட் 15, 2012இல் அவர் மறைந்தார்.

மலேசியத் தமிழர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை ரப்பர்த் தோட்டமும் சயாம் மரண ரயில் பாதையும். அத்துயரம் உண்மை, அதை எழுதியே ஆகவேண்டும். எனினும் துயரத்தால் மட்டும் ஒரு மக்களை அறிந்துகொள்வது அரைகுறை அறிவு. மறுபுறம், குணாளனை 'நம்மவர்' என்று மார்தட்டுவதும் பிழை. அவர் ஆடியது மலேசியாவுக்காக. அவர் தோளருகே நின்றவர் ஒரு சீனர். நாம் கோரத்தக்கது உரிமையை அன்று, நினைவை. இத்தகையோரின் வாழ்வைத் தமிழில் எழுதிவைத்தல் நம் கடமை. அக்கடமையில் நாம் இன்னும் முதற்புள்ளியைக்கூட எடுக்கவில்லை.