ஆலைகள் ஓய்ந்தபோது ஆறுகள்



காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வட்டாரத்தில்தான் காவிரியின் கிளையாகிய அரசலாறு, கும்பகோணத்தைக் கடந்து வந்து கடலோடு கலக்கிறது. ஆற்றுக்கு மேல்நாட்டார் இழைக்கும் நன்மையும் தீமையும் இறுதியில் வந்து சேருமிடம் இத்தகைய கடைமடையே. ஆகவே இவ்வூரை மனத்திற்கொண்டு அண்மைக்கால வரலாறு ஒன்றைக் கூற விரும்புகிறேன்.

கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஆலைகள் ஓய்ந்தன, ஆறுகள் யாவும் தெளிந்துவிட்டன என்று பலரும் மகிழ்ந்தனர். நானும் அவ்வாறே நம்பினேன். ஆயினும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 19 பேராறுகளை ஆராய்ந்தபோது, காவிரி, கோதாவரி, கிருஷ்ணா, யமுனை உள்ளிட்ட 7 ஆறுகளிலேயே நீரின் தரம் உயர்ந்திருக்கக் கண்டது. கங்கை, பியாஸ், சட்லெஜ் முதலியவற்றில் அது உயரவில்லை.

காரணம் யாது? ஆலைகள் மூடின, ஆனால் நகரங்களின் சாக்கடைகள் மூடவில்லை. சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கையில், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உட்கொள்கின்றன. அது குன்றினால் மீன்கள் வாழமாட்டா. கோடையில் ஆற்றில் ஓட்டமும் குறைவதால், கழிவு நீர்த்துப்போக வழியில்லை.

சாயக் கழிவின் இயல்பு வேறு. அதிலுள்ள உப்பை நுண்ணுயிர்கள் சிதைப்பதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென எழுந்த அணையே உழவர்க்குத் துன்பமாயிற்று. அவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீரை வெளியேற்றாதிருக்கும் நிலையை எய்தாத பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நொய்யல் சென்று கலப்பது காவிரியிலேதான் என்பதை மறத்தலாகாது.

இனிக் கடைமடைக்குத் திரும்புவோம். மேட்டூர் அணையின் பாசனப் பருவம் மரபுப்படி ஜூன் 12-இல் தொடங்கி ஜனவரி 28-இல் முடியும். ஊரடங்கு கடுமையாயிருந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் டெல்டாவுக்குப் பாசன நீர் விடப்படவில்லை. மேலே காவிரி தெளிந்த காலத்தில், அத்தெளிவைக் காரைக்காலுக்குக் கொண்டுவர ஆற்றில் ஓட்டமில்லை. 2020 ஜூன் 12-இல் அணை திறந்தபோதோ, ஊரடங்கு தளர்ந்து ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தன.

மேலும், அந்தச் சில வாரத் தெளிவுக்குத் தொழிலாளர் கொடுத்த விலை அவர்களுடைய அன்றாடக் கூலி. ஆலையை மூடித்தான் ஆற்றைக் காக்க வேண்டுமெனில், அவ்வழி நெடுநாள் நிலைக்காது. சாயநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தல், சாக்கடையைச் சுத்திகரித்தபின்பே ஆற்றில் விடுதல், ஆற்றில் ஓரளவேனும் ஓட்டம் நிலைக்கச் செய்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில், அந்நீர் எங்கிருந்து வருகிறது, எவருடைய ஊருக்குச் செல்கிறது என்று சற்றே நின்று எண்ணிப் பாருங்கள்.