சி-20 ஒப்பந்தக்காரர் உரிமம்

சி-20 என்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கட்டடங்களுக்கான வெப்பக்காற்று, காற்றோட்ட, ஏ.சி. அமைப்புகளை நிறுவிப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரருக்குரிய தொழில் உரிம வகை. 1929இல் தோன்றிய மாநில ஒப்பந்தக்காரர் உரிம வாரியம் இதை வழங்குகிறது. குளிர்பதன அறைகள் சி-38 என்னும் தனி வகையைச் சேர்ந்தவை.

உரிமத்துக்குத் தகுதி காட்டுபவர் கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகளாவது தேர்ந்த தொழிலாளியாகவோ மேற்பார்வையாளராகவோ உழைத்திருக்க வேண்டும். சட்டம்-வணிகம், தொழில்நுட்பம் என இரு தேர்வுகள் உண்டு. குளிரூட்டு வாயுவைக் கையாள, தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவுப்படி கூட்டாட்சிச் சான்றிதழும் தேவை.

உரிமதாரர் வைத்திருக்க வேண்டிய பிணைப்பத்திரத்தின் மதிப்பு 2023 முதல் 15,000 டாலரிலிருந்து 25,000 டாலராக உயர்ந்தது. ஒப்பந்தக்காரர் செலுத்துவது அதற்கான பிரீமியம் மட்டுமே. அதே ஆண்டு முதல், பணியாளரே இல்லாத சி-20 உரிமதாரரும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பது கட்டாயம். தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்கு இதுவே கனமான சுமை. வீட்டுச் சீரமைப்புப் பணிக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் குறைந்ததையே பெறலாம்.

உரிமமின்றிச் செய்யத்தக்க சிறு பணியின் வரம்பு 2025இல் 500 டாலரிலிருந்து 1,000 டாலரானது. கட்டட அனுமதி தேவைப்படும் பணிக்கோ, ஆள் அமர்த்திச் செய்யும் பணிக்கோ இந்த விலக்கு இல்லை.

சந்தையைத் தற்போது மாற்றிவருவது குளிரூட்டு வாயு. 2020ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தைத் தொடர்ந்து ஆர்-410ஏ என்னும் வாயு விலக்கப்பட்டுவருகிறது. ஆர்-32, ஆர்-454பி அதன் இடத்துக்கு வருகின்றன. இவை சிறிதளவு தீப்பற்றக்கூடியவை என்பதால் புதிய கருவிகளும் பயிற்சியும் செலவில் சேர்கின்றன.