வாரோசுக் கற்பூரம்

கற்பூர ஆரத்தி காட்டாத தமிழ்க் கோயிலைக் காண்பது அரிது. நாள்தோறும் நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அவ்வொளிக்குரிய பொருள் எந்த மரத்திலிருந்து, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மாணவன் ஒருவன் வினவினால், நம்மில் பலர் விடை கூற இடர்ப்படுவோம். வரலாற்றில் ஆர்வமுடைய சிலரோ, 'சோழர் கடல் கடந்து சுமத்திராவின் பாரூசு நகரை வென்று கற்பூரத்தைக் கொண்டுவந்தனர்' என்று மேடையில் முழங்கக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிய செய்தியே. ஆனால் சான்றுகள் அப்படிக் கூறுகின்றனவா என்பதை ஆராய்ந்து பார்ப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.

இரண்டு மரம், இரண்டு பொருள்

கற்பூரம் என்னும் ஒரு பெயரால் நாம் வழங்குவது உண்மையில் இரண்டு பொருள்களை. ஒன்று, சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், போர்னியோ ஆகிய இடங்களின் காடுகளில் அறுபது மீட்டர் வரையிலும் ஓங்கி வளரும் 'கபூர்' மரத்தின் வயிரத்தில், வெடிப்புகளில் உறைந்து கிடக்கும் வெண்படிகம். மற்றொன்று, சீனம், தைவான், ஜப்பான் ஆகிய நாடுகளில் வளரும், இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த மரத்தின் கட்டையைச் சீவி, நீராவியில் வடித்தெடுப்பது. வேதியியலார் முன்னதைப் போர்னியோல் என்பர். இரண்டிலும் கரியணு பத்து, ஆக்சிசன் அணு ஒன்று; நீரக அணு மட்டும் முன்னதில் 18, பின்னதில் 16. மணத்தில் உறவினர், ஆயினும் ஒன்றல்ல.

இன்று நாம் ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பகுதி இவ்விரு மரங்களிலிருந்தும் வருவதன்று. பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலைகளில் ஆக்கப்படுவது. இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாணிக நிலைக்கு வந்தது. அதற்கு முன் தைவானைக் கைப்பற்றிய ஜப்பானியர், 1899ஆம் ஆண்டில் அங்குக் கற்பூரத்தை அரசின் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர் என்றால், அதன் மதிப்பு எத்தகையதென்று உணரலாம்.

சிலம்பும் அதன் உரையும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரைக்குள் புகும் கொண்டற்காற்று வருணிக்கப்படுகிறது. தொண்டியோர் மரக்கலங்களில் கொணர்ந்த அகில், துகில், சந்தனம், வாசப்பொருள், கற்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்து அக்காற்று வருகிறது. கொண்டல் என்பது கீழ்காற்று. கற்பூரம் கிழக்குக் கடலைக் கடந்து வரும் சரக்கு என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்பது இதனால் தெளிவாகும்.

இவ்விடத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் நமக்குச் செய்த உதவி பெரிது. ஒவ்வொரு மணப்பொருளின் வகைகளையும் வணிகர் வழக்கிலிருந்து எடுத்து அடுக்கிக் காட்டுகிறார். கற்பூரத்தின் வகைகளில் வாரோசு, சூடன், சீனச்சூடன் என்னும் பெயர்களும் உள்ளன. வாரோசு என்பது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசு நகரின் பெயரே. ஊர்ப்பெயர் சரக்கின் பெயராயிற்று. சீனச்சூடன் என்பது சீனத்தோடு தொடர்புடையது என்பதும் வெளிப்படை. எனினும் அது சீன மரத்தில் விளைந்ததா, சீன வணிகர் கைமாறி வந்ததா என்பதைப் பெயரை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது. நாம் இன்றும் வழங்கும் 'சூடன்' என்னும் சொல், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வணிகர் பட்டியலில் தனிச் சரக்கின் பெயராக இருந்தது என்பது இங்கே குறிக்கத்தக்கது.

கல் கூறுவது

இனி, சோழர் வென்றனர் என்னும் கூற்றுக்கு வருவோம். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் நிகழ்த்திய கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகக் கூறுகிறது. சீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் முதலியன அதில் உள்ளன. வாரோசு இல்லை.

வாரோசில் தமிழர் இருந்ததற்குச் சான்று வேறு. பாரூசுக்கு அருகிலுள்ள லோபு துவா என்னும் இடத்தில் 1873ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிற்காலத்தில் பேராசிரியர் சுப்பராயலு மீண்டும் படித்துத் திருத்தமான வாசகம் தந்தார். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, என்னும் காலக்குறிப்புடைய அக்கல்லை நாட்டியவர் மன்னர் அல்லர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர். படித்தறிய இயன்ற பகுதியில் சோழ மன்னனின் ஆட்சியாண்டு குறிக்கப்படவில்லை. வாரோசுக்கு வரும் மரக்கலத்தின் தலைவரும் ஏனையோரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு, பொன்னாக ஒரு கட்டணம் செலுத்திய பின்னரே உட்புக வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு மணப்பொருளின் விலையே கட்டணத்திற்கு அளவுகோல் ஆயிற்று என்றால், அத்துறையின் வாணிகம் எத்தகையதென்று கூற வேண்டுவதில்லை.

எனவே வாரோசில் நாம் காண்பது வாள் ஏந்திய படை அன்று. துலாக்கோல் ஏந்திய வணிகர் கூட்டம். வென்றவர் என்று சொல்லும்போது கிடைக்கும் கிளர்ச்சி இதில் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் மொழி வேறாகிய மக்கள் நடுவே ஊர் அமைத்து, விதி வகுத்து, அதைத் தம் தாய்மொழியிலே கல்லில் பொறித்த பெருமை சிறியதன்று.

நாட்டுக்கொரு தேர்வு

இதே வாரோசுச் சரக்கை வாங்கிய நாடுகள் பல. ஒவ்வொன்றும் தன் மரபுக்கேற்ப அதற்கு இடம் தந்தது. அரபு மக்கள் அதனைக் 'காபூர்' என்றனர். சுவர்க்கத்தின் பானத்தில் காபூர் கலந்திருக்கும் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. இறந்தோரை இறுதியாக நீராட்டும் நீரிலும் அதனைச் சேர்ப்பது இசுலாமிய மரபு. கி.பி. 637ஆம் ஆண்டளவில் பாரசீகத் தலைநகரைக் கைப்பற்றிய அரபுப் படையினர், அங்குக் கிடைத்த கற்பூரத்தை உப்பென்று கருதி உணவில் இட்டுக் கசப்பறிந்த கதையை அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சீனர் அதனை 'நாகத்தின் மூளை' என்று பொருள்படும் பெயரால் அழைத்து, மருந்தில் உயர்வாக வைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சுமத்திராவில் தங்கிய மார்க்கோ போலோ, பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்றார். பன்சூர் என்பது பாரூசின் மற்றொரு பெயர்.

தமிழர் அதனைத் தெய்வத்திற்கும் தாம்பூலத்திற்கும் உரியதாக்கினர். திருமாலின் வாயமுதம் எம்மணம் கமழும் என்று சங்கை வினவும் ஆண்டாள், முதலில் நினைப்பது கற்பூரத்தையே. உண்ணத்தக்க பச்சைக் கற்பூரம் வேறு, ஏற்றும் சூடன் வேறு என்று நம் மூதாதையர் பிரித்தறிந்தனர். இப்பகுப்பு வெறும் வழக்கன்று. சூடனை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு உண்டாகும் என்பதை மருத்துவர் அறிவர். பெயர் குழம்பினால் உயிருக்கும் தீங்கு நேரும்.

காட்டில் திரட்டியவர்

மன்னரையும் வணிகரையும் பேசும் வரலாறு, காட்டில் அதனைத் திரட்டியவரை மறந்துவிடுகிறது. எந்தக் கபூர் மரத்தில் படிகம் உண்டு என்பதை வெளித்தோற்றத்தால் துணிய இயலாது. மரத்தை வெட்டிப் பிளந்தே காண வேண்டும். பல மரங்களை வீழ்த்தியும் வெறுங்கையோடு திரும்புவது உண்டு. விலை ஏறியதற்குக் காரணமும் இதுவே. சுமத்திராவில் பாத்தாக் மக்களும், ஜொகூர்க் காடுகளில் ஜாக்கூன் மக்களும் இவ்வரும்பணியைச் செய்தனர். ஜாக்கூன் மக்கள் கற்பூரம் தேடிச் செல்லும் காலத்தில் அன்றாடச் சொற்களை விலக்கி, தனியொரு 'கற்பூர மொழி'யையே பேசினர். லேக், கெல்சால் என்னும் இருவர் 1894ஆம் ஆண்டில் அம்மொழியின் சொற்களைத் திரட்டி வெளியிட்டனர். மரத்தின் தெய்வம் இராக்காலத்தில் சில்வண்டைப்போல் ஒலிக்கும் என்றும், அவ்வொலி கேட்கும் இடத்தில் கற்பூரம் உண்டு என்றும் அவர்கள் நம்பினர். நாம் கற்பூரத்தைத் தெய்வத்திற்குக் காட்டினோம். அவர்களோ கற்பூரத்திலேயே தெய்வத்தைக் கண்டனர்.

சொல்லின் வரலாறும் இம்மக்களை நோக்கியே திரும்புகிறது. மலாய் மொழியில் 'கபூர்' என்பதற்குச் சுண்ணாம்பு என்றும் பொருள் உண்டு. 'கபூர் பாரூசு' என்பது கற்பூரம். வடமொழிக் கர்ப்பூரம், தமிழ்க் கருப்பூரம், அரபுக் காபூர் ஆகியவற்றின் மூலம் இத்தென்கிழக்காசிய மொழிகளிலேயே இருத்தல் கூடும் என்று மொழியறிஞர் சிலர் கருதுவர். மரம் இங்கே, திரட்டியவர் இங்கே. சொல்லும் இங்கே பிறந்திருப்பின் வியப்பில்லை.

காலம் செய்த மாற்றத்தையும் காண்க. பொன்னுக்கு நிகராக நின்ற 'கபூர் பாரூசு' என்னும் பெயர், இன்று துணிப்பெட்டியில் பூச்சிக்காக இடும் வெள்ளை உருண்டைக்கும் வழங்குகிறது. கபூர் மரமோ மரவாணிகத்தாலும் காடழிப்பாலும் அருகி வருகிறது. கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில், ஒன்றன் முடியை ஒன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் கபூர் மரங்களை இன்றும் காணலாம். மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள், அம்மரத்தடியில் சிறிது நேரம் நின்று ஊர்காண் காதையின் அப்பகுதியைச் சொல்லிக் காட்டுவார்களாக. இளங்கோவடிகள் பாடிய மணத்தின் பிறப்பிடம் நாம் வாழும் இம்மண்தான் என்பதை அம்மாணவர் பின்னர் மறக்கமாட்டார்.