காதரின் யேல் அம்மையாரின் குடும்ப வரலாறு

மாணவர்களே,

அமெரிக்க நாட்டிலே யேல் என்னும் பெயரால் ஒரு பெரும் பல்கலைக்கழகம் விளங்குவதை நீங்கள் அறிவீர்கள். அப்பெயருக்கு உரியவர் நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல் என்பதும் உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால், அவருடைய மனைவியார் யார் என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. தாம்பரத்தை அடுத்த ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரித்திரம் கற்பித்த எனக்கு, இவ்விடைவெளி நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, காதரின் என்னும் அந்த அம்மையாரின் குடும்ப வரலாற்றை இங்கே சுருங்கச் சொல்ல விழைகின்றேன்.

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தாமல் வேங்கடாத்திரி நாயக்கரிடம் இடம் பெற்று, மறு ஆண்டில் இக்கடற்கரையிலே கோட்டை கட்டத் தொடங்கினர். தொடக்கத்தில் வந்தவர்கள் வணிகரும் எழுத்தரும் போர்வீரருமான ஆடவரே. பெண்டிர் வருகை அரிது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆறு ஏழு மாதங்கள் கப்பலில் அலைந்து வரவேண்டும். வந்து சேர்ந்தாலும் சென்னையிலே துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகிலே ஏறி, அலையோடு அலையாகக் கரையேற வேண்டும். கரை காணாமலே இறந்தவர்களும் உண்டு. ஆரன் பேக்கர் என்னும் தலைவரின் மனைவியாரான எலிசபெத்து 1652ஆம் ஆண்டில் இங்கு வரும் வழியிலேயே உயிர் நீத்தார். அவருடைய கல்லறைக் கல், இந்நாட்டிலுள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தைச் சூழ்ந்து பாவப்பட்ட கற்களிடையே அதனைக் காணலாம்.

காதரின் அம்மையார் இத்தகைய காலத்தில் இங்கு வாழ்ந்தவர். அவருடைய முதற் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ். கோட்டை ஆலோசனைச் சபையிலே ஆளுநருக்கு அடுத்த நிலையில் இருந்த செல்வர். மக்களோடு கூடிய அக்குடும்பம் செழிப்புற்றிருந்த காலத்தில், 1680ஆம் ஆண்டிலே ஹின்மர்ஸ் காலமானார். கோட்டைக்கு வடமேற்கே, அக்கால இடுகாட்டில், வானை நோக்கிக் கூர்ந்துயரும் கோபுரம் போன்ற ஒரு கல்லறை அவருக்காக எழுப்பப்பட்டது.

சில மாதங்கள் கழிந்தன. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் காதரின் அம்மையார் எலிஹு யேலை மணந்தார். யேல் 1649ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1672ஆம் ஆண்டில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் சம்பளத்தில் எழுத்தராக இங்கு வந்து சேர்ந்தவர். அவர்கள் திருமணம் நடந்த தூய மரியாள் ஆலயம் அப்போதுதான் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. 1678ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்று, 1680 அக்டோபர் 28இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. அங்கு நடந்த முதல் திருமணம் இதுவே. அந்த ஆலயத்தின் பதிவேட்டிலேதான் பின்னர், 1753ஆம் ஆண்டில், இராபர்ட்டு கிளைவின் திருமணமும் பதிவாயிற்று.

கணவன் இறந்த ஆறே மாதத்தில் மறுமணமா என்று உங்களிற் சிலர் வியக்கலாம். தாயகத்திலிருந்து பல்லாயிரம் மைல் அப்பால், சிறு கோட்டை ஒன்றிலே, மக்களோடு தனித்து நிற்கும் ஒரு கைம்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். உறவினர் இல்லை, கப்பலோ பருவத்துக்குத்தான் வரும். நோயும் சாவும் மலிந்த அந்நாளில் இத்தகைய மறுமணம் அக்கோட்டையிலே புதுமையன்று.

இங்கே சட்டம் ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் சீதனம் என்று பெண்ணுக்கே உரிய பொருள் ஒன்று பழங்காலம் தொட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. இங்கிலாந்திலோ, தனி ஏற்பாடு செய்துகொள்ளாவிடின், மணமான அன்றே பெண்ணின் பணமும் பண்டமும் கணவனுடையனவாகிவிடும். இந்நிலை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் பெரிதும் மாறியது. ஆகவே, ஹின்மர்ஸ் தேடிவைத்த செல்வம் காதரின் வாயிலாக யேலின் கைக்கு எட்டியது. பத்துப் பவுன் சம்பளக்காரருக்குச் சொந்த வாணிகம் நடத்த முதல் கிடைத்தது. கம்பெனி ஊழியர் ஆசியத் துறைகளுக்கிடையே தம் பொருட்டு வாணிகம் செய்வது அக்காலத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தது. துணியிலும் வைரத்திலும் யேல் பெரும் பொருள் ஈட்டினார். 1687ஆம் ஆண்டில் ஆளுநருமானார். அவர் உயர்ந்த ஏணியின் முதற்படி அவ்வம்மையார் கொணர்ந்த பொருளே என்பது மிகையாகாது.

இவ்விருவருக்கும் காதரின், ஆன், உர்சுலா என மூன்று பெண்மக்களும், தாவீது என்னும் ஓர் ஆண்மகனும் பிறந்தனர். தந்தை ஆளுநரான சில மாதங்களுக்குள் தாவீது நான்கு வயதும் நிரம்பாமல் இறந்தான். அக்காலத்து ஆங்கிலேயர் மார்ச்சு 25ஆம் நாளையே ஆண்டுப் பிறப்பாகக் கொண்டனர். ஆதலால், அவர்கள் 1687 என்று எழுதிய அந்தச் சனவரி மாதம் நம் கணக்கில் 1688 ஆகும். பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர் இந்நுட்பத்தை மறவாதிருத்தல் வேண்டும். அதே 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29இல் சென்னை நகராண்மைக் கழகம் தொடங்கப்பெற்றது. பாடப் புத்தகம் அவ்விழாவைச் சொல்லும். ஆளுநர் மாளிகையில் ஒரு தாய்க்கு அவ்வாண்டு எவ்வாறு கழிந்தது என்பதைச் சொல்லாது.

சிறுவன் எங்கே அடக்கம் செய்யப்பட்டான் தெரியுமா? ஹின்மர்ஸின் அதே கல்லறையில்! தாயின் முதற் கணவரும் இரண்டாம் கணவரின் மகனும் ஒரே கூரையின் கீழ் உறங்கினர். இவ்விருவருக்கும் இரத்த உறவு கிடையாது. ஒருவரை ஒருவர் கண்டதுமில்லை. இருவரையும் இணைத்து நிற்பவர் காதரின் ஒருவரே. குடும்ப வரலாற்றிலே பெண்ணின் இடம் எது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்னர் காதரின் அம்மையார் மக்களுடன் இங்கிலாந்து திரும்பினார். கணவர் வரவில்லை. 1692ஆம் ஆண்டில் குற்றச்சாட்டுகளின் பேரில் யேல் ஆளுநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பின்பும் 1699 வரை இங்கேயே தங்கினார். அக்காலத்தில் ஹிரோனிமா தெ பைவா என்னும் போர்த்துகேய யூதப் பெண்மணியோடு வாழ்ந்தார்; அவருக்கு ஒரு மகனும் பிறந்தான். காதரின் அம்மையாரின் பெண்மக்களுள் இருவர் உயர்குடிகளிற் புகுந்தனர். மூத்தவள் காதரின், டட்லி நார்த்து என்பவரை மணந்தாள். ஆன், டெவன்ஷயர் கோமகனின் மகனான ஜேம்ஸ் கவெண்டிஷ் பிரபுவை மணந்தாள். உர்சுலா மணம் செய்துகொள்ளவில்லை. சென்னைக் கடற்கரையில் விளைந்த செல்வம் இவ்வாறு இங்கிலாந்தின் பெருமனைகளிற் கலந்தது. அதிலே ஒரு சிறு பகுதி 1718ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு நன்கொடையாயிற்று. 417 நூல்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம், ஒன்பது மூட்டைச் சரக்கு. அம்மூட்டைகளிலே காலிக்கோ, மஸ்லின் முதலிய துணிகளும் இருந்தன. சரக்கு விற்ற பணம் சுமார் 562 பவுன். கல்லூரி யேல் என்று பெயர் பெற்றது. யேல் 1721இல் இறந்தார். மகனும் பெயரும் இருவேறு கண்டங்களில் நிலைத்தன.

இவ்வளவு சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாதிருத்தல் ஆசிரியனுக்கு அறமாகாது. யேல் ஆட்சி செய்த நாட்களில் இக்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 2024ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த பழந்தொடர்புக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கப்பலேறியவர்களுள் தாய்மார் இருந்திருப்பர்; குழந்தைகளை இழந்தவர்கள் இருந்திருப்பர். காதரின் அம்மையாருக்கு ஒரு பதிவேட்டு வரியும் ஒரு கோபுரக் கல்லறையும் எஞ்சின. அவர்களுக்கு எஞ்சியது யாது? துணி நெய்த கறுப்பர் நகரத்துப் பெண்டிரின் பெயர்கள் எங்கே?

ஹின்மர்ஸ் கல்லறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1758ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் தலைமையிலே பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, இடுகாட்டுக் கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாக உதவின. ஆகவே, பின்னர் ஆங்கிலேயர் இடுகாட்டை அழித்துக் கற்களைக் கோட்டை ஆலயத்துக்குக் கொண்டுசென்றனர். இக்கல்லறை மட்டும் சிலவற்றோடு தப்பியது. பிற்காலத்தில் அதனருகே உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் எழுந்தன. இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937ஆம் ஆண்டில் இடம் பெயரும்வரை அதற்கு அண்மையில்தான் இருந்தது. அக்கூர்ங்கோபுரத்தைத் தாண்டி எத்தனை தலைமுறை மாணவர்கள் வகுப்புக்குப் போயிருப்பர்!

2023ஆம் ஆண்டில் அக்கல்லறையை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்று உயர் நீதிமன்றத்திலே ஆணை பிறந்தது. அடிமைக்காலச் சின்னம் நமக்கெதற்கு என்பது ஒரு கட்சி. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தைத் தொடலாகாது என்பது மற்றொரு கட்சி. நீதிமன்றத்தின் பணியை நான் மேற்கொள்ளவில்லை. ஒரு சரித்திர ஆசிரியனாக என் கருத்து இது: கல்லை அகற்றுவதால் யேலின் பெயர் மறையாது, அது கடலுக்கப்பால் உறுதியாக நிற்கிறது. மறைவது நான்கு வயதும் நிரம்பாத சிறுவனும், அவன் தாயும், அவர்களைச் சூழ்ந்து உழைத்த நம் மக்களின் கதையுமே. ஆகவே, கல் நிற்கட்டும். ஆனால், அதன் அருகே முழு வரலாறும் தமிழில் எழுதப்படட்டும். புகழ்ச்சியாக வேண்டா, சாட்சியாக நிற்கட்டும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பணி தருகின்றேன். தாம்பரமும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் வந்தேறிய குடும்பங்களால் வளர்ந்த ஊர்கள். இரயில் வேலைக்கும் தோல் தொழிலுக்கும் விமானப் படைக்குமாகப் பல மாவட்டத்தார் இங்கே வந்து குடியேறினர். உங்கள் பாட்டியாரை இன்று மாலை அருகே அமர்த்தி, அவருடைய தாயாரின் பெயர் என்ன, பிறந்த ஊர் எது, எப்போது இங்கு வந்தார், எத்தனை மக்களைப் பெற்றார், எத்தனை பேர் பிழைத்தனர் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டிலே தேதியோடு எழுதி வையுங்கள். முந்நூறு ஆண்டுக்கு முன் ஓர் ஆலயத்து எழுத்தர் அவ்வளவு செய்ததனாலேதான், இன்று காதரின் அம்மையாரைப் பற்றி நாம் பேச முடிகிறது. நம் வீட்டுப் பெண்டிருக்கு அவ்வுதவியை நாமே செய்தல் வேண்டும்.