யப்பானிய வினைத்திரிபு: மூன்று இலக்கண நோக்குகள்

ஒரு மொழியைக் கற்பதிலுள்ள இடர்ப்பாடு எப்பொழுதும் அம்மொழியின் இயல்பிலிருந்தே பிறப்பதன்று. அதனை விளக்க முற்பட்ட இலக்கணகாரர் கைக்கொண்ட நோக்கும் அதற்குக் காரணமாதல் உண்டு. யப்பானிய வினைத்திரிபு ஆராயப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

யப்பானிய வினைமுற்று திணை, பால், எண், இடம் என்பவற்றைக் காட்டுவதில்லை. எதிர்மறை, பிறவினை, செயப்பாடு, காலம் முதலியவற்றை உணர்த்தும் ஒட்டுக்களே அடியுடன் சேர்கின்றன. கேட்போர்க்குக் காட்டும் மரியாதையும் வினையிலேயே புலப்படும். நெருங்கியோரிடம் ‘யொமு’ (வாசி) என்பது, ஏனையோரிடம் ‘யொமிமஸு’ என வரும்.

இவ்வினைகளை விரிவாக விளக்கிய முதல் ஐரோப்பியர் போர்த்துக்கேய யேசுசபைத் துறவியான ஜுவாவ் றொட்றிகெஸ் ஆவர். அவரது பேரிலக்கணம் 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அச்சேறியது. இலத்தீன் இலக்கணமே அவர்க்கு அளவுகோலாயிற்று. அதன் வழிநின்று வினைகளை மூன்று வகையாகப் பிரித்த அவர், ஏவல், வியங்கோள் போன்ற இலத்தீன் பாகுபாடுகளுக்கு நேரான வடிவங்களையும் தேடினார். எனினும், அக்காலப் பேச்சு வழக்கையும் மரியாதை வழக்கையும் அவர் நுணுகிப் பதிவு செய்தமை போற்றற்பாலது.

அடுத்த நோக்கு யப்பானியரிடையே தோன்றியது. பேரறிஞர் மொத்தோரி நொரினாகாவின் மைந்தர் ஹருனிவா (1763–1828) முப்பது வயதைத் தாண்டியபின் பார்வையை முற்றாக இழந்தார். குடும்பத்தாரின் துணையுடன் ஆய்வைத் தொடர்ந்த அவர், 1808இல் ‘கொதொபா நொ யச்சிமாத்தா’ எனும் நூலை வெளியிட்டார். பழைய இலக்கிய மொழியின் வினைகளை அவர் ஏழு வகையாக வகுத்தார். ‘யொமு’ போன்றவற்றின் ஈறு ம, மி, மு, மெ என நான்கு படிகளில் திரிவதால் அவற்றை நாற்படி வினைகள் என்றார். அந்நிய அளவுகோல் இன்றித் தம் மொழியின் ஒழுங்கை அம்மொழியிலிருந்தே கண்டமை அவரது சாதனை.

ஆயினும், அவர் நோக்குக்கும் ஓர் எல்லை இருந்தது. யப்பானியரின் கானா எழுத்து அசையைக் குறிப்பது. நமது புள்ளியைப் போல எந்த மெய்யையும் உயிரினின்று பிரித்துக் காட்டும் குறி அதற்கில்லை. ஆதலால் மாறுவது இறுதி உயிர்மெய் முழுவதும் என்றே கொள்ளப்பட்டது. 1946ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இதனைத் தெளிவாக்குகின்றது. ‘யொமோ’ (வாசிப்போம்) என ஒலித்த சொல் முன்னர் ‘யொம-உ’ என எழுதப்பட்டது. பின்னர் ‘யொமொ-உ’ என எழுதப்படலாயிற்று. உடனே பள்ளி இலக்கணத்தில் நாற்படி வினை ஐம்படி வினையாயிற்று. மாறியது ஒலியன்று, எழுத்தே.

அதே 1946இல் அமெரிக்க மொழியியலாளர் பேர்னாட் புளொக் ஒலியனை அடிப்படையாகக் கொண்டு வினைகளை ஆராய்ந்தார். ‘யொம்’ என்பதே அடியெனக் கொண்டால் ஐந்து படிகளும் வேண்டா. மாறாத அடியும் அதன்மேல் வரும் உயிருமே எஞ்சும். மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் ஆகும் என்பதைத் தொல்காப்பியத்தின் வழி அறிந்த தமிழ் மாணவனுக்கு இது எளிதிற் புலனாகும். இதனைச் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ் - யப்பானிய உறவுக் கொள்கையுடன் இணைத்தல் வேண்டா. அக்கொள்கையை ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஈண்டுப் பேசப்படுவது இலக்கண நோக்கு மட்டுமே.

இவ்வாறு பகுத்தபின்னும் உண்மையான இடர்ப்பாடுகள் சில எஞ்சவே செய்கின்றன. ‘கிரு’ என்பது உடுத்தலையும் வெட்டுதலையும் குறிக்கும். முன்னதன் எதிர்மறை ‘கினை’, பின்னதன் எதிர்மறை ‘கிரனை’. ‘யொமு’ (வாசி), ‘யொபு’ (அழை) ஆகிய இரண்டுக்கும் எச்ச வடிவம் எழுத்தில் ‘யொந்தெ’ என்பதே. இவை மொழி வரலாறு விட்டுச்சென்ற தடங்கள், பயின்றே அறியத்தக்கன.

மொழி தந்த சுமை எது, இலக்கணகாரன் ஏற்றிய சுமை எது எனப் பகுத்தறிதலே மாணவனின் முதற்கடன். பிறமொழியார் தமிழைக் கற்க நாம் எழுதும் இலக்கணங்களுக்கும் இவ்வினா பொருந்தும்.